கைது கட்டாயமா, காரணம் கட்டாயமா?

"பொண்டாட்டிய அடிச்சவனைத் தூக்கி உள்ள வைக்காம, ஸ்டேஷன்ல உக்கார வச்சு என்ன பேச்சுவார்த்தை?" குடும்ப வன்முறைச் செய்தி வரும்போதெல்லாம் இந்தக் கேள்வி வரும். கூடவே எதிர்க்குரலும் வரும்: "498ஏ-ன்னாலே பாதி பொய் கேஸ்தானேப்பா." சங்கரன்கோவில் டீக்கடையிலும் சரி, டெல்லி நீதிமன்றத்திலும் சரி, விவாதம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறது. இரண்டு தரப்புமே கைதை மட்டும் பார்க்கின்றன. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

முதலில் கட்டாயக் கைது. அமெரிக்காவில் 1981-82இல் மினியாபொலிஸ் நகரில் ஒரு சோதனை நடந்தது. வீட்டில் அடிதடி என்று அழைப்பு வந்தால் போலீஸ் என்ன செய்வது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள்: கைது, எட்டு மணி நேரம் ஆளை வெளியே அனுப்புவது, அல்லது புத்திமதி. போலீஸ் பதிவுகளின்படி, கைதானவர்களில் சுமார் 10 சதவீதம் பேர்தான் ஆறு மாதத்துக்குள் மறுபடி வன்முறையில் இறங்கினார்கள். மற்ற இரண்டு வழிகளில் அது 19, 24 சதவீதம். இதை வைத்துப் பல மாநிலங்கள் கைதை ஊக்குவித்தன, சில கட்டாயமாகவே ஆக்கின.

அதன் பிறகு வேறு ஐந்து நகரங்களில் சோதனையைத் திரும்பச் செய்தபோது கதை குழம்பியது. சில இடங்களில் கைது பயன் தந்தது, சில இடங்களில் தரவில்லை. மில்வாக்கியில், வேலையில்லாத ஆண்களைக் கைது செய்தபோது அடுத்தடுத்த வன்முறை கூடியது. இழப்பதற்கு வேலையும் பெயரும் உள்ளவன்தான் கைதுக்குப் பயந்தான். அதே மில்வாக்கிப் பெண்களை 23 ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தபோது, கணவனோ துணையோ கைதான பெண்கள் (எல்லாக் காரணங்களையும் சேர்த்து) இறந்திருக்கும் விகிதம், எச்சரிக்கையோடு விடப்பட்டவர்களின் துணைகளைவிட 64 சதவீதம் அதிகமாக இருந்தது. மினியாபொலிஸ் சோதனையை நடத்திய லாரன்ஸ் ஷெர்மனே இந்த ஆய்வையும் செய்தவர்.

மில்வாக்கி கணக்கை அப்படியே தறி ஓடும் ஊருக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் கேள்வியைக் கொண்டுவரலாம். கூலிக்குத் தறி ஓட்டுபவன் உள்ளே போனால் அந்த வாரக் கூலி வராது. ஜாமீனுக்கு ஆள் பிடிக்க, வக்கீலுக்குக் கொடுக்க, பீடி சுற்றிச் சேர்த்த காசையும் அந்தப் பெண்தான் எடுக்க வேண்டியிருக்கும். "புருசனை உள்ள வச்சவ" என்ற பேரும் அவளுக்குத்தான். போலீசுக்குப் போனால் கைது நிச்சயம் என்று தெரிந்தால், அடி நிற்க வேண்டும் ஆனால் குடும்பம் உடையக் கூடாது என்று நினைப்பவள் ஸ்டேஷன் பக்கமே போகமாட்டாள்.

அப்போ கைதைக் குறைப்பதுதான் சரியா? நம் நீதிமன்றங்கள் அந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கின்றன. 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், 498ஏ-யில் 2012இல் மட்டும் 1,97,762 பேர் கைதானதையும், தண்டனை விகிதம் 15 சதவீதம்தான் என்பதையும் காட்டி, யோசிக்காமல் கைது செய்யாதே என்றது. 2017இல் இன்னொரு தீர்ப்பு குடும்ப நலக் குழுக்களை நுழைத்தது. 2018இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் 2022 வழிமுறைகளை ஏற்றபோது அதே குழுக்கள் திரும்ப வந்தன. பெரிய பிரிவுகள் சேராத வழக்குகளில் இரண்டு மாதம் கைது கூடாது என்பதும் கூடவே வந்தது.

15 சதவீதத் தண்டனையை வைத்து 85 சதவீதம் பொய் என்று படிப்பது தவறு. நம்ம ஊரில் இந்தக் கேஸ்கள் எப்படி முடிகின்றன என்று யோசித்துப் பாருங்கள். பெரியவர்கள் பேசி முடித்துவிடுவார்கள், சாட்சி பிறழ்வார், பிள்ளைகளுக்காக அவளே வாபஸ் வாங்குவாள். அடி விழவில்லை என்பதற்கு இதில் எதுவும் ஆதாரம் ஆகாது. தேசியக் குடும்ப நல ஆய்வில் (2019-21), தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஸ்டேஷன் வாசலை மிதிப்பவர்கள் சொற்பம்.

அர்னேஷ் குமார் தீர்ப்பின் இரண்டாம் பாதியை யாரும் பேசுவதில்லை. கைது செய்யவில்லை என்ற முடிவை இரண்டு வாரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று அது சொல்கிறது. கைது வேண்டாம் என்றால் அதற்கும் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மேலும் குற்றம் நடக்காமல் தடுக்கவோ, சாட்சியை மிரட்டாமல் இருக்கவோ தேவைப்பட்டால் கைது செய்யலாம் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. வீட்டு வன்முறையில் அடுத்த அடியும் அதே வீட்டில்தான் விழும். முக்கிய சாட்சியும் அதே கூரைக்குக் கீழேதான் தூங்குகிறாள். இந்த அளவுகோலை நேர்மையாக வைத்துப் பார்த்தாலே, ஆபத்தான கேஸ்களில் கைதுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது.

நடைமுறை வேறு. தமிழ்நாட்டில் 1992இல் ஆயிரம் விளக்கில் தொடங்கிய மகளிர் காவல் நிலையங்கள் பெண்கள் தயங்காமல் வர ஒரு வாசலைத் திறந்தன. ஆனால் உள்ளே போனவளுக்கு அடிக்கடி கிடைப்பது ஒரு சிஎஸ்ஆர் சீட்டும், "இனிமே அடிக்கமாட்டேன்" என்று அவனிடம் எழுதி வாங்கிய காகிதமும்தான். அந்தக் காகிதத்தை மீறினால் என்ன தண்டனை? ஒன்றும் கிடையாது.

மீறினால் தண்டனை உள்ள காகிதம் ஒன்று இருக்கிறது. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாஜிஸ்திரேட் தரும் பாதுகாப்பு உத்தரவு. அதை மீறுவது ஜாமீனில் விட முடியாத குற்றம். வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யலாம். ஓராண்டு வரை சிறை உண்டு.

ஆகவே என் நிலைப்பாடு இது: முதல் புகாரிலேயே கைதைக் கட்டாயமாக்க வேண்டாம், பதிவையும் காரணத்தையும் கட்டாயமாக்குங்கள். கைது இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுதி, புகார் கொடுத்தவள் கையிலும் ஒரு நகல் கொடுங்கள். புகார் வாங்கும் அன்றே பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் போகட்டும். உத்தரவு வந்த பிறகும் கை ஓங்கினால், அங்கே பேச்சுவார்த்தைக்கு இடமே இல்லை. கைது செய்தே ஆக வேண்டும். அவளாகக் கேட்டு, நீதிமன்றம் போட்ட கோட்டை அவன் தாண்டியிருக்கிறான் என்பதால், அந்தக் கைதுக்கான பழியும் அவள் தலையில் விழாது.