பேருருவினனும் வழிப்போக்கனும்

மலைப்பாதைகள் பற்றிய எழுத்துகளுள் பெரும்புகழ் பெற்றது, அமெரிக்கரான பெண்டன் மெக்கை 1921ஆம் ஆண்டு அக்டோபரில் கட்டடக் கலைஞர் இதழொன்றில் வரைந்த கட்டுரையாகும். அப்பலேச்சியன் மலைத்தொடரின் முகடு நெடுகிலும் ஒரு நடைபாதை வேண்டும் என்பது அதன் கோரிக்கை. ஈராயிரம் மைலுக்கு மேல் நீளும் இன்றைய அப்பலேச்சியன் பாதைக்கு வித்திட்டது அதுவே.

கட்டுரையின் உயிர்நாடி ஓர் உருவகம். மேகம் தலையில் உரச, மலை முகட்டில் ஒரு பேருருவினன் வடக்கிலிருந்து தெற்கே நடக்கிறான். காடுகளும் நகரங்களும் அவன் பார்வையில் விரிகின்றன. படிப்போர் உள்ளத்தைக் கவரும் உத்தி இது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இதன் குறையும் இதனுள்ளேயே இருக்கிறது. பேருருவினன் வேலிகளைத் தாண்டிச் சென்றுவிடுவான். வழிப்போக்கனோ வேலியின் முன் நின்றுவிடுவான். பாதை செல்லும் நிலம் யாருடையது, அது கைமாறினால் பாதை என்னாகும் என்னும் வினாக்களுக்குக் கட்டுரை விரிவான விடை தரவில்லை.

அந்த விடையை எழுதியவர்கள் வெர்மாண்ட் மாநிலத்துக் கிரீன் மௌண்டன் கிளப்பினர். ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஆசிரியரின் முயற்சியால் 1910 மார்ச் 11ஆம் நாள் தோன்றிய இச்சங்கம், மாசசூசெட்ஸ் எல்லையிலிருந்து கனடா எல்லை வரை ஏறத்தாழ 272 மைல் நீளமுள்ள ‘லாங் டிரெயில்’ என்னும் நெடும்பாதையை 1930இல் நிறைவு செய்தது. மெக்கை எழுதியபோதே இப்பாதையின் பெரும்பகுதி உருவாகியிருந்தது. அவரும் அதனை முன்மாதிரியாகச் சுட்டினார்.

பாதையை வெட்டுவது ஒரு முறை, காப்பது ஆண்டுதோறும். விழுந்த மரத்தை அகற்றுதல், மழைநீர் மண்ணை அரிக்காதபடி வடிகால் அமைத்தல், மரங்களில் வெள்ளைக் குறிகளைப் புதுப்பித்தல் ஆகியவற்றைத் தொண்டர்கள் மேற்கொண்டனர். 1917 முதல் சங்கம் வெளியிட்டு வரும் வழிகாட்டி நூலும், பாதை மாறுந்தோறும் திருத்தப்பட்டுப் புதிய பதிப்பாக வருகிறது. அணிநயம் தேடாத அந்நூலின் நடைக்கு ஓர் அறம் உண்டு: தவறான ஒரு சொல் ஒருவரைக் காட்டில் அலையவிடும்.

எனினும், பாதையின் நெடுந்தூரம் நில உடைமையாளரின் நல்லெண்ணத்தையே நம்பியிருந்தது. 1980களில் வடபகுதி நிலங்கள் பல விற்பனைக்கு வந்தபோது அந்நம்பிக்கை ஆட்டங்கண்டது. 1986இல் சங்கம் ஓர் இயக்கம் தொடங்கி, நன்கொடை திரட்டிச் சில நிலங்களை விலைக்கு வாங்கியது. வேறு சிலவற்றில், உடைமை உரியவரிடமே இருக்க, பாதைக்கான உரிமையை மட்டும் நிலையாக எழுதிப் பெற்றது. வாய்ச்சொல் பத்திரமாயிற்று.

கனவு கண்டவரின் கட்டுரையை நாம் இலக்கியமாகப் போற்றுகிறோம், போற்றுதல் தகும். ஆனால் சங்கத்தின் வழிகாட்டி நூலையும் நிலப் பத்திரங்களையும் அதன் அருகில் வைத்துப் படித்தாலன்றி அக்கட்டுரை முழுமை பெறாது. பேருருவினன் கண்ட பாதையில் இன்று மனிதர் நடக்க முடிகிறதென்றால், அதற்குக் காரணம் வேலியருகே நின்று உரியவரிடம் பேசியவர்களே.