திணறலுக்குப் பெட்ரோல்தான் மருந்தா?

ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பாய வேண்டிய வண்டி ஒரு கணம் செத்துப்போய், பிறகு இருமிக்கொண்டே கிளம்புகிறது. கார்புரேட்டர் வைத்த பழைய அமெரிக்க மசில் கார்களில் இது சகஜமான நோய். அதற்கு அந்த நாட்டுக் கராஜ்களில் ஒரு சகஜமான வைத்தியமும் உண்டு. ஹாலி கார்புரேட்டரின் ஆக்சிலரேட்டர் பம்ப் நாசிலைக் கழற்றி, ஓர் அளவு பெரியதை மாட்டி, ஓட்டிப் பார்ப்பார்கள். திணறல் போகவில்லை என்றால் அதைவிடப் பெரியது. தலைமுறைகள் கடந்தும் இந்த வழக்கம் நிற்கிறது. அதில் சாரம் இருக்கிறது, ஏமாற்றும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் சாரம். த்ராட்டில் சட்டென்று திறந்தால் காற்று அந்த நொடியே உள்ளே பாயும். பெட்ரோல் கனமானது, வெஞ்சுரியில் இழுப்பு வலுத்து, மெயின் ஜெட் வழியாக அது ஏறிவரச் சற்று நேரம் பிடிக்கும். போதாக்குறைக்கு, மேனிஃபோல்டில் இருந்த வெற்றிடம் ஒரேயடியாக விழுவதால், ஆவியாகப் போய்க்கொண்டிருந்த பெட்ரோலிலும் ஒரு பகுதி சுவரில் ஈரமாகப் படிந்துவிடுகிறது. 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்பது மிச்சமில்லாமல் எரியும் கணக்கு. முழு விசை வேண்டுமானால் 12.5 அல்லது 13-க்கு 1 என்ற செழிப்பு தேவை. மிதித்த கணத்தில் கலவை இதற்கு நேர்மாறாக மெலிந்துபோகிறது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் பம்ப் இருக்கிறது. த்ராட்டில் அசைந்ததுமே டயாபிரம் அழுந்தி, நாசில் வழியே இரண்டு தாரைகளாகப் பெட்ரோல் பீய்ச்சும். ஆகவே திணறல் என்றதும் பம்பைச் சந்தேகிப்பது மூடநம்பிக்கை அல்ல.

வழக்கம் நிலைத்ததற்கு வசதியும் காரணம். 1957-இல் வந்த ஹாலி 4150 வரிசையின் கட்டமைப்பே கழற்றி மாற்றுவதற்குத் தோதானது. நாசிலில் பொறித்திருக்கும் 28, 31, 35 போன்ற எண்கள் துளையின் விட்டத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்கின்றன. பம்பை இயக்கும் பிளாஸ்டிக் கேம்கள் பல நிறங்களில் கிடைக்கும். நிறம் மாறினால் பெட்ரோல் வரும் வேளையும் அளவும் மாறும். ஸ்குரூ டிரைவரும் சில நிமிடங்களும் போதும். மாற்றியது பிடிக்காவிட்டால் பழையதையே திரும்ப மாட்டிவிடலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி விளைவைப் பார்ப்பது முறையான சோதனையும்கூட. கேம்ஷாஃப்ட்டையும் மேனிஃபோல்டையும் மாற்றிய எஞ்சினுக்குக் கம்பெனிப் புத்தகத்தில் விடை கிடையாது. அந்த எஞ்சினிடமே கேட்டாக வேண்டும். நாசில் மாற்றுவது அப்படிக் கேட்பதற்கு நேர்மையான ஒரு வழி.

சிக்கல் கேள்வியில் இல்லை, பதிலைப் படிப்பதில் இருக்கிறது. பெரிய நாசில் போட்டதும் திணறல் நின்றால், அந்தக் கணத்தில் அதிகப் பெட்ரோல் உதவியது என்பது மட்டுமே உறுதியாகிறது. ஏன் தேவைப்பட்டது என்பது தெரியாது. பம்ப் நெம்புகோலில் ஆட்டம் விழுந்து, மிதியின் முதல் பகுதி வீணாகியிருக்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோலில் ஊறிப் பழைய ரப்பர் டயாபிரம் கெட்டிருக்கலாம். பத்து சதவீத எத்தனால் கலந்தாலே முழுதாக எரியும் கணக்கு 14.1 அளவுக்கு இறங்கிவிடும். பழைய ஜெட்டுகள் அதே அளவில் இருந்தும் கலவை ஓரளவு மெலிந்துவிடும். கேஸ்கெட் வழியே காற்று கசியலாம். இக்னிஷன் டைமிங் தாமதமாக இருக்கலாம். இவை ஒவ்வொன்றும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒரே திணறலாகத்தான் கேட்கும்.

இந்தக் குழப்பத்துக்கு நல்ல உதாரணம், ஐடிலுக்கும் மெயின் ஜெட்டுக்கும் நடுவே வேலை செய்யும் டிரான்ஸ்ஃபர் ஸ்லாட் என்ற சிறு பிளவு. ஐடிலில் த்ராட்டில் தகட்டுக்குக் கீழே அது அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரைதான் தெரிய வேண்டும். தகடு திறக்கத் திறக்க மீதிப் பிளவும் வெளிப்பட்டுப் பெட்ரோல் கூடும். ரேஸ் கேம்ஷாஃப்ட் மாட்டிய எஞ்சினுக்கு ஐடிலில் வெற்றிடம் குறைவு. அணைந்து அணைந்து போகும். உரிமையாளர் ஐடில் ஸ்குரூவைத் திருகித் தகட்டைத் திறந்துவைக்கிறார். வண்டி நிற்காமல் ஓடுகிறது. ஆனால் பிளவில் பெரும்பகுதி ஐடிலிலேயே செலவாகிவிட்டது. மிதிக்கும்போது கூடுதலாகத் தருவதற்கு அதில் எதுவும் மிச்சமில்லை. பெரிய நாசில், பலமாக மிதிக்கும்போது இதை மறைத்துவிடும். நெரிசலில் மெல்ல மிதித்தால் பம்ப் கொஞ்சமாகவே பீய்ச்சும், திணறல் திரும்பிவிடும். இதற்குச் சரியான பரிகாரம் பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கிறது. ஆரம்ப டைமிங்கை முன்தள்ளினால் ஐடில் வேகம் தானே ஏறும், தகட்டை மூடலாம், பிளவு பழைய நிலைக்கு வரும். பாதிக் கார்புரேட்டர் கோளாறு கரண்டுக் கோளாறுதான் என்று பழைய மெக்கானிக்குகள் கிண்டலாகச் சொல்வதன் பொருள் இதுதான்.

அடுத்த குறை, இந்த வைத்தியம் ஏறுமுகத்திலேயே யோசிப்பது. பெட்ரோல் மிகுந்தாலும் எஞ்சின் திணறும். குணம் மட்டும் வேறு. மெலிந்த கலவை கார்புரேட்டர் வழியே ‘டப்’பென்று திருப்பி வெடிக்கும், மிகுந்த கலவை மந்தமாக இழுத்து, சைலன்சரில் கரும்புகை விடும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காதவர், 31-இல் சரியாக இருந்ததை 37 வரை கொண்டுபோய், புதிதாக வந்த திணறலைப் பழையதே என்று நினைத்து இன்னும் ஏற்றுவார். பிளக் கருகும், சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலம் கழுவப்படும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, திணறல் எப்போது வருகிறது என்று கேட்காமலே வேலையைத் தொடங்குவது. 1967-இல் வந்த கமாரோ இசட்/28-ஐ எடுத்துக்கொள்வோம். டிரான்ஸ்-ஆம் பந்தயத்தின் 5 லிட்டர் வரம்புக்குள் அடங்க, அதன் எஞ்சினை 302 கன அங்குலத்தில் அமைத்தார்கள். அந்த எஞ்சின் 7,000 சுற்றில் நிமிடத்துக்குச் சுமார் 612 கன அடி காற்றைத்தான் கேட்கும் என்பது ஏட்டுக் கணக்கு. மேலே இருந்ததோ 780 கன அடி ஹாலி. அந்த அளவை அடக்கி ஆண்டது, வெற்றிடத்தால் திறக்கும் பின்பக்க வால்வு அமைப்பு. எஞ்சின் கேட்கும்போதுதான் அது திறக்கும். அதன் ஸ்பிரிங் தேவைக்கு மெலிதாக இருந்தால், பின்பக்கம் முந்தித் திறந்து, நல்ல ஓட்டத்தின் நடுவே எஞ்சின் தொய்ந்துவிடும். இந்த வகைக் கார்புரேட்டரில் பம்ப் முன்பக்கத்துக்கு மட்டுமே உண்டு. பின்பக்கத்தின் அவசரத்துக்கு முன்பக்க நாசிலை மாற்றுவதால் ஒரு பயனும் இல்லை. 1965 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் வந்த குவாட்ராஜெட்டிலும் இப்படித்தான்: பின்பக்கக் காற்று வால்வின் ஸ்பிரிங் தளர்ந்தால் வரும் தொய்வைப் பம்ப் தீர்க்காது.

அப்படியானால் கருவியை நம்பலாமே என்று இன்றைய தலைமுறை சொல்கிறது. சைலன்சர் குழாயில் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் வைத்தால் கலவை எண்ணாகவே தெரியும். சீரான ஓட்டத்தில் அது அருமையான துணை. திணறலில் மட்டும் அது வழிதவற வைக்கக்கூடும். பிளக் பொறி விடாமல் ஒரு சிலிண்டர் தவறினால், எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியே வரும். சென்சார் அதைப் பார்த்து ‘கலவை மெலிந்தது’ என்று காட்டும். எண்ணை நம்பியவரும் பெட்ரோலைத்தான் கூட்டுவார். காதை நம்பியவர் செய்த தவறே கருவியோடு திரும்ப நடக்கிறது. இந்த நோய்க்கு விலை குறைந்த டைமிங் லைட்டும் வேக்குவம் கேஜும் முதல் வரிசையில் நிற்கத் தகுந்தவை.

ஆகவே நாசில் மாற்றும் வழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. அதை வரிசையின் கடைசிக்குத் தள்ளினால் போதும். எஞ்சினை நிறுத்திவிட்டு த்ராட்டிலை அசைத்து, அசைத்த மாத்திரத்தில் இரண்டு தாரைகளும் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஐடிலில் பம்ப் நெம்புகோலில் ஆட்டம் இருக்கக் கூடாது. முழுத் திறப்பில் 0.015 அங்குல இடைவெளி மிஞ்ச வேண்டும். பிறகு டைமிங், காற்றுக் கசிவு, ஃபுளோட் மட்டம், ஸ்லாட்டின் நிலை. இவையெல்லாம் சரியான பிறகும் திணறல் இருந்தால் நாசிலைத் தொடலாம். அப்போதும் பெரியதை மட்டுமல்ல, சிறியதையும் மாட்டிப் பார்க்க வேண்டும். திணறல் இல்லாமல் ஓடவைக்கும் மிகச் சிறிய நாசில்தான் அந்த எஞ்சினுக்கு உரியது. பக்கத்தில் நிற்கும் அதே மாதிரி எஞ்சினுக்குப் போதுமானதைவிட மூன்று நான்கு அளவு பெரியது கேட்கிறதென்றால், கோளாறு இன்னும் வேறெங்கோ இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.