செம்பில் பூத்த பச்சை

பித்தளை, செம்புப் பாத்திரங்களில் பச்சைக் களிம்பு கண்டால் புளி போட்டுத் தேய்த்துப் போக்கிவிடுவோம். ஐரோப்பிய ஓவியர்களோ அதே குடும்பத்துப் பச்சையை வேண்டி வளர்த்தார்கள். வெர்டிகிரிஸ் என்ற அந்த நிறமி, வேதியியல் கணக்கில் செம்பு அசிட்டேட். ரோமானியர்கள் ‘ஏருகோ’ என்றார்கள். கண் மருந்திலும் புண் மருந்திலும் சேர்த்தார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு அது கிரேக்கப் பச்சை, ஜெர்மானியர்களுக்கு ஸ்பானியப் பச்சை, பாரசீகர்களுக்கு ஜங்கார். பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் அது வேறெங்கிருந்தோ வந்ததாகவே நினைத்திருக்கிறார்கள்.

தென் பிரான்சின் மோன்பெலியே நகரம் 18ஆம் நூற்றாண்டில் இதற்குப் பேர்போனது. தொழில் பெண்கள் கையில் இருந்தது. வீட்டு நிலவறையில், புளித்த திராட்சைச் சக்கையையும் செம்புத் தகடுகளையும் மண்பானைக்குள் மாற்றி மாற்றி அடுக்குவார்கள். காடியின் ஆவி பட்டுத் தகட்டில் பச்சை பூக்கும். நனைத்து நனைத்து அதைத் தடிக்கவிட்டு, கத்தியால் சுரண்டி எடுப்பார்கள்.

அழகான நிறம், ஆனால் நம்ப முடியாதது. கண்ணுக்கு இனிது, நிலைக்காது என்று இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி தம் கைநூலில் அன்றே எச்சரித்திருக்கிறார். இத்தாலிய ஓவியங்கள் பலவற்றில் அன்று பசுமையாயிருந்த இலைகள் இன்று பழுப்பாக நிற்பதற்கு இதுவே காரணம். பாரசீகச் சுவடிகளில் இது தாளையே அரித்துவிடும். அதைத் தணிக்க அங்கே குங்குமப்பூச் சாற்றைக் கலந்தார்கள். எத்தனை நுட்பமான கைவைத்தியம்!

என்றாலும் பழகியவன் கையில் இதற்கு இணையில்லை. அடியில் ஈய வெள்ளையோடு கலந்த மங்கலான பச்சை. அது காய்ந்ததும் எண்ணெயில் குழைத்த தெளிந்த வெர்டிகிரிஸை மெல்லிய படலமாக மேலே இழைப்பது. ஒளி படலத்தைத் துளைத்து அடிப்பூச்சில் பட்டுத் திரும்புவதால் நிறம் உள்ளிருந்து ஒளிர்கிறது. பூசும்போது நீலம் தட்டியிருக்கும். சில வாரங்களில்தான் முழுப் பச்சையாகக் கனியும். இறுதி நிறத்தை மனத்தில் வைத்தே ஓவியன் தூரிகை எடுக்க வேண்டும்.

இந்த வித்தையின் உச்சம், யான் வான் ஐக் 1434இல் தீட்டிய ‘அர்னோல்ஃபினி’ ஓவியத்துப் பெண்ணின் அங்கி. மடிப்பின் மேட்டில் தளிர்ப்பச்சை, பள்ளத்தில் ஏறக்குறைய கறுப்பு. இரண்டுக்கும் நடுவே துணியின் கனமே தெரிகிறது. ஏறத்தாழ 590 ஆண்டுகள் கழித்தும் அது பச்சையாகவே இருக்கிறது.

1859இல் பிரான்சில் கினியே காப்புரிமை பெற்ற விரிடியன் பச்சை வந்தபின் வெர்டிகிரிஸ் வழக்கொழிந்தது. விரிடியன் மங்காது, எதையும் அரிக்காது. ஓவியர்கள் மாறியது நியாயமே. ஆனால் வான் ஐக்கின் அங்கியில் இருக்கும் ஆழத்தை விரிடியனில் தீட்டிய எந்த ஓவியத்திலும் நான் கண்டதில்லை.