சாய்ந்த எழுத்தின் அவசரம்

எழுத்துரு நடுநிலையானது, அதில் எழுதப்படுவதில்தான் அரசியல் இருக்கிறது என்று நம்மில் பலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். துண்டறிக்கைக்குத் தலைப்பைத் தடிமனாகப் போடச் சொல்வோம், கொஞ்சம் வலப்பக்கம் சாய்க்கவும் சொல்வோம். வேகம் வருமாம். இந்த வேகம் யாருடையது?

ஐரோப்பிய அச்சில் சாய்வெழுத்து நூல் முழுக்க வந்தது 1501இல், வெனிஸில் அல்டஸ் மனூஷியஸ் பதித்த வர்ஜிலில். அது கையெழுத்தின் சாய்வு. விரைந்து எழுதும் ஓர் ஆளின் மணிக்கட்டு அதற்குள் இருந்தது. 1913இல் இத்தாலிய எதிர்காலவாதி மரினெட்டி வேறு கணக்குப் போட்டார். விரைவான உணர்வுகளுக்குச் சாய்வெழுத்து, வன்மையான ஒலிக்குறிப்புகளுக்குத் தடித்த எழுத்து, தேவைப்பட்டால் ஒரே பக்கத்தில் இருபது எழுத்துருக்கள். மணிக்கட்டு போய் மோட்டார் கார் வந்துவிட்டது. 1909 அறிக்கையில் போரை உலகின் சுகாதாரமாகக் கொண்டாடியவர், பிறகு முசோலினியோடு போனவர் இவர். அப்படியானால் தடித்த சாய்வெழுத்தே பாசிசம் என்று முடித்துவிடலாமா? நம் வட்டத்தில் இப்படி முடித்துவிடுகிற விமர்சனம் உண்டு. ரொம்பச் சுலபமான விமர்சனம் அது.

ஏனென்றால் ஃப்யூச்சுரா இருக்கிறது. பவுல் ரென்னர் வடிவமைத்து, ஃப்ராங்ஃபர்ட்டின் பாவர் வார்ப்படச்சாலை 1927இல் வெளியிட்டது. பெயரே எதிர்காலம்தான். ரென்னரோ நாஜிகளின் பண்பாட்டுக் கொள்கையைத் தாக்கி 1932இல் சிறுநூல் எழுதியவர். 1933இல் கைதாகிப் பதவியும் இழந்தவர். வட்டமும் கோடுமான இந்த எழுத்தின் சாய்ந்த வடிவத்தில் கை கிடையாது. நிமிர்ந்து நின்றதைப் பிடித்துத் தள்ளிய மாதிரி இருக்கும். (கணினியில் தமிழைச் சாய்க்கும்போதும் பெரும்பாலும் இந்தத் தள்ளல்தான். ஒற்றைக் கொம்பு படும் பாட்டைப் பாருங்கள்.) நைக்கி தன் பெயரைச் சாய்த்துப் போட்டதும் இந்தக் குடும்பத்து எழுத்தில்தான். ஓடுகிறவனின் முன்சாய்ந்த உடல் எழுத்துக்குள் வந்துவிட்டது. இந்தோனேசியாவில் அந்தக் காலணியைத் தைத்தவர்களின் குனிந்த உடல் வரவில்லை. அவர்களுடைய கூலியைப் பற்றி 1992இல் அமெரிக்க இதழில் தனியாக எழுத வேண்டியிருந்தது.

இதே தடித்த சாய்வு ஃப்யூச்சுராவைத்தான் பார்பரா க்ரூகர் எடுத்துக்கொண்டார். பெண்கள் பத்திரிகையில் வடிவமைப்பாளராக இருந்தவர், பக்கம் எப்படி வாசகியை வளைக்கிறது என்பதை உள்ளிருந்தே அறிந்தவர். 1989இல் வாஷிங்டனில் கருக்கலைப்பு உரிமைப் பேரணி. அதற்கான சுவரொட்டியில் நேரும் எதிருமாகப் பிளந்த ஒரு பெண் முகம், அதன்மேல் சிவப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து: உடல் ஒரு போர்க்களம். 1994இல் நியூயார்க்கில் தொடங்கிய சுப்ரீம் என்ற ஸ்கேட்போர்டுக் கடை அதே சிவப்பு, அதே வெள்ளை, அதே சாய்வில் தன் பெயரைப் போட்டுக்கொண்டது. 2013இல் தன் சின்னத்தைக் கிண்டலடித்த பெண்கள் உடை நிறுவனத்தின்மீது அதே கடை ஒரு கோடி டாலர் கேட்டு வழக்கும் போட்டது! க்ரூகர் வழக்குக்குப் போகவில்லை. கேட்ட பத்திரிகையாளருக்கு எல்லாரையும் நையாண்டி செய்து சில வரி அனுப்பினார், தன்மீதும் வழக்கு வரக் காத்திருப்பதாக. 2020இல் அந்தப் பெயர் 200 கோடி டாலருக்கு மேல் விலைபோனது.

மூலதனம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும், எதிர்ப்பும் பண்டமாகிவிடும் என்று இங்கே பெருமூச்சு விடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. களவு போனது எழுத்தின் வடிவம், நிறம். இலக்கணம் போகவில்லை. க்ரூகரின் சுவரொட்டி முன்னிலையில் பேசுகிறது. எதிரே நிற்பவளை 'யூ' என்று கூப்பிட்டு, இது உனக்கு நடக்கிறது என்கிறது. சுப்ரீமின் பெட்டிக்குள் முன்னிலையும் இல்லை, வினையும் இல்லை. வெறும் பெயர். சாய்ந்திருக்கிறது, ஆனால் யாரை நோக்கி?

ஆகவே தோழர்கள் எழுத்தைச் சாய்ப்பதா வேண்டாமா என்று அடித்துக்கொள்வதைவிட, சாய்ந்த எழுத்து யாரை எப்படி விளிக்கிறது என்று பார்க்கலாம். க்ரூகரின் வாசகத்தைத் தமிழில் சுவரொட்டியாகப் போடுவதாக வைத்துக்கொள்வோம். ஆங்கிலச் சொல் ஒருமையா பன்மையா என்று காட்டாமல் தப்பித்துக்கொள்கிறது. நமக்கு அந்த வசதி இல்லை. 'உங்கள் உடல்' என்றால் சுகாதாரத் துறை விளம்பரம் மாதிரி ஆகிவிடுகிறது. 'உன் உடல்' என்றால் தோழியின் குரலாகவும் கேட்கும், ஆண்டையின் அதட்டலாகவும் கேட்கும். சேரிப் பெண்ணொருத்தி காலமெல்லாம் கேட்டுவந்த 'உன்' எது என்பது நமக்குத் தெரியாததல்ல. அதைத் தடித்த எழுத்தில், சாய்த்து, சிவப்பில் போடும்போது அவளுக்கு எந்தக் குரல் கேட்கும்?