கோபுரத்தின் மேல் விழுந்த பழி

2021 மே மாதம். கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நாட்கள். எங்கள் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு காலையில் செய்தி ஒன்று வந்தது. மக்கள் மடிவது கிருமியால் அன்று, 5ஜி கோபுரங்களின் கதிர்வீச்சால்தான். உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்பது அதன் சாரம். அனுப்பியவர் இயற்பியல் கற்பிப்பவர், எனக்கு மூத்தவர். மூத்தவர் என்பதால் நானும் வாய் திறக்கவில்லை. அன்று எழுதாமல் விட்ட பதிலை இன்று எழுதுகிறேன்.

அந்தச் செய்தியை ஓர் அறிவியல் கூற்றாகவே மதித்து ஆராய்வோம். முதலில் நாட்காட்டியைப் பார்க்கலாம். இந்தியாவில் 5ஜி சோதனைக்கு அனுமதி கிடைத்ததே 4.5.2021 அன்றுதான். நாட்டில் எங்கும் சோதனை தொடங்கவில்லை என்று மே 10-ஆம் நாள் தொலைத்தொடர்புத் துறை அறிவித்தது. மக்களுக்கான சேவை 1.10.2022-இல் தொடங்கியது. விளைவு முன்னே வந்து, காரணம் பின்னே வரும் இயற்பியலை நான் படித்ததில்லை.

அடுத்தது ஆற்றல். நம் நாட்டில் 5ஜிக்குப் பரவலாகப் பயன்படும் அலைகள் வினாடிக்குச் சுமார் 350 கோடி முறை அதிர்பவை. இந்த அதிர்வெண்ணைப் பிளாங்க் மாறிலியால் பெருக்கிப் பாருங்கள். ஒரு போட்டானின் ஆற்றல் ஏறத்தாழ 0.000015 எலெக்ட்ரான் வோல்ட் என வரும். நம் உடலின் மூலக்கூறுகளில் இரு கார்பன் அணுக்களைப் பிணைத்திருக்கும் கட்டை அறுக்க 3.6 எலெக்ட்ரான் வோல்ட் அளவில் வேண்டும். அதாவது இரண்டு லட்சம் மடங்குக்கும் மேல்! மாலை வெயிலின் சிவப்பொளிப் போட்டான்கூட 5ஜி போட்டானைப் போல் லட்சம் மடங்கு வலியது. போட்டான்கள் ஏராளமாகச் சேர்ந்தால் பொருளைச் சூடாக்கும். மைக்ரோவேவ் அடுப்பு அப்படித்தான் சமைக்கிறது. அந்தச் சூட்டைத் தடுக்கவே உலக அளவில் வரம்புகள் உள்ளன. 2012-இல் இந்தியா அந்த வரம்பையும் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துக்கொண்டது.

நிற்க. பயப்பட எதுவுமே இல்லை என்று அடித்துப் பேசுவோரும் உண்டு. அதுவும் அரைகுறைப் பேச்சே. 2011-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, வானொலி அதிர்வெண் அலைகளைப் 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற வகையில் சேர்த்தது. சான்று குறைவு, ஆனால் சந்தேகம் முற்றிலும் நீங்கவில்லை என்பது அதன் பொருள். இதை ஆராய்வது வேறு. கோபுரம் கொரோனாவைப் பரப்புகிறது என்பது வேறு.

'கதிர்வீச்சு' என்ற சொல்லிலும் ஒரு வினை இருக்கிறது. எக்ஸ் கதிரும் கதிர்வீச்சு, அணு உலையிலிருந்து வருவதும் கதிர்வீச்சு, வானொலி அலையும் கதிர்வீச்சு. பாடநூல் எழுதும் நாம் ஒரே பெயரைச் சூட்டிவிட்டு, கேட்பவன் ஏன் நடுங்குகிறான் என்று வியக்கிறோம்.

ஊரடங்கு தளர்ந்தபின் அந்த மூத்த ஆசிரியரிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். கோபிக்கவில்லை. "தெரியும் தம்பி. எதற்கும் இருக்கட்டும் என்றுதான் அனுப்பினேன். அனுப்புவதில் என்ன நட்டம்?" என்றார்.

நட்டம் இருக்கிறது. 2020 ஏப்ரலில் பிரிட்டனில் இதே கதையை நம்பியவர்கள் தொலைபேசிக் கோபுரங்களுக்குத் தீ வைத்தார்கள். எரிந்தவற்றில் பல 5ஜி கோபுரங்களே அல்ல. பர்மிங்காம் நகரில் கொரோனா நோயாளிகளுக்கென அமைத்த நைட்டிங்கேல் மருத்துவமனைக்குத் தொடர்பு தந்த கோபுரமும் அவற்றில் ஒன்று. நோயாளியின் அருகே உறவினர் செல்ல முடியாத காலம் அது. தொலைபேசியில் குரல் கேட்பதே ஆறுதலாக இருந்த காலம்.

அதே மாதத்தில் வாட்ஸ்அப் நிறுவனம் ஒரு மாற்றம் செய்தது. பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்பலாம் என்றது. அத்தகைய செய்திகளின் பரவல் 70 விழுக்காடு குறைந்ததாக அந்நிறுவனமே பின்னர் தெரிவித்தது. வியப்பாக இல்லையா? உயிர் காக்கும் செய்தி என்று மெய்யாகவே நம்பியவர், இன்னும் நாலு முறை விரலை அழுத்தச் சலித்துக்கொள்வாரா? நம்பிக்கையினால் அன்று, எளிதாக இருந்ததால் அனுப்பினார்கள் என்றே நான் கொள்கிறேன்.

மூத்தவரை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. ஒளிமின் விளைவுச் சமன்பாட்டை அவர் என்னைவிட அழகாக நடத்துவார். ஆனால் நம் வினாத்தாள்கள் ஆண்டுதோறும் சோடியத் தகட்டின்மேல் புற ஊதாக் கதிரை விழச்செய்து கணக்குக் கேட்கின்றனவே தவிர, சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியைப் பற்றிக் கேட்டதில்லை. இந்தப் பருவத்தின் உள்தேர்வில் சோடியத்தை எடுத்துவிட்டு, அன்று வந்த வாட்ஸ்அப் செய்தியை அப்படியே அச்சிட்டு, "கணக்கிட்டுக் காட்டுக" என்று கேட்டிருக்கிறேன். விடைத்தாள்கள் மேசைமேல் இருக்கின்றன, இன்னும் திருத்தவில்லை.