மார்க் ட்வெய்ன் நாவலும் நம் தீவுப் பிள்ளைகளும்

நம் தீவுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் நடப்பவை. 2010-களில் சில ஆண்டுகள் அந்தப் பாடத்திட்டம், ஆங்கிலத்தில் ஒரு முழு நூலைப் படித்தாக வேண்டும் என்று வைத்திருந்தது. பன்னிரண்டாம் வகுப்புக்கு எச்.ஜி. வெல்ஸ், ஜார்ஜ் எலியட் ஆகியோரின் நாவல்கள். பத்தாம் வகுப்புப் பட்டியலில் ஹெலன் கெல்லரும், பதினோராம் வகுப்புப் பட்டியலில் புக்கர் டி. வாஷிங்டனும் எழுதிய தன்வரலாறுகள். அதாவது அமெரிக்காவிலிருந்து வாழ்க்கை வரலாறு வந்தது, நாவல் வரவில்லை. பிறகு அந்த ஏற்பாடும் நின்றுபோனது.

நிற்கும் முன்பே அது பாதி செத்துவிட்டது என்பேன். அபர்தீன் பஜாரில் என் கடைக்கு வரும் ஒரு பையன் கையில் கைடு இருந்தது. “நாவல் எங்கே தம்பி?” என்று கேட்டேன். “அது எதுக்கு தாத்தா? கேள்வி எல்லாம் இதுல இருக்கே” என்றான். அவனைக் குறை சொல்லி என்ன பயன்? பரீட்சை அவனிடம் கேட்டது கதைச்சுருக்கத்தை. கதைச்சுருக்கம் எட்டுப் பக்கத்தில் கிடைக்கும்போது முந்நூறு பக்கத்தை யார் புரட்டுவார்கள்?

ஆனால் சுருக்கத்துக்குள் அடங்காத நாவல்கள் உண்டு. மார்க் ட்வெய்ன் எழுதிய ‘ஹக்கிள்பெரி ஃபின்’ அப்படிப்பட்டது. இங்கிலாந்தில் 1884-லும் அமெரிக்காவில் 1885-லும் வெளிவந்தது. பாடத்தில் இல்லாவிட்டாலும் நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு முடிக்கிறதுக்குள் இதைப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜிம் என்ற கறுப்பின அடிமை, தன்னைத் தூரதேசத்துக்கு விற்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடிவந்து, ஆற்று நடுவே ஒரு தீவில் ஒளிகிறான். குடிகாரத் தகப்பனிடமிருந்து தப்பிய ஹக் என்ற வெள்ளைக்காரச் சிறுவனும் அங்கே வந்து சேர்கிறான். இருவரும் ஒரு தெப்பத்தில் மிசிசிப்பி நதியில் போகிறார்கள். ஓடிப்போன அடிமைக்கு உதவுவது திருட்டு, பாவம் என்றுதான் ஹக்குக்கு ஊர் கற்றுக்கொடுத்திருக்கிறது. முப்பத்தோராவது அத்தியாயத்தில் மனம் பொறுக்காமல் அவன் ஜிம்மின் சொந்தக்காரிக்குக் கடிதம் எழுதுகிறான். எழுதி முடித்தபின் ஜிம் தன்னிடம் காட்டிய அன்பெல்லாம் நினைவுக்கு வருகிறது. நரகத்துக்குப் போனாலும் போகிறேன் என்று கடிதத்தைக் கிழித்துவிடுகிறான்.

கைடு இதை ‘ஹக்கின் நல்ல மனம்’ என்று ஒரு வரியில் முடித்துவிடும். விஷயம் அங்கேதான் கெட்டுப்போகிறது. தான் நல்லது செய்வதாக ஹக் நினைக்கவே இல்லை. பாவம் செய்கிறேன் என்று நம்பிக்கொண்டே செய்கிறான். ஊரும் சட்டமும் கோயிலும் சேர்ந்து சொன்னதை ஒரு பையனின் நெஞ்சு ஒப்புக்கொள்ள மறுக்கிறது. இதைப் புரிந்துகொள்ள முந்திய முப்பது அத்தியாயங்களிலும் அந்தத் தெப்பத்தில் கூடவே போயிருக்க வேண்டும். குறுக்கு வழி கிடையாது.

இது தமிழனுக்குப் புதிய விஷயமா? நம் கல்வெட்டுகளில் ‘அஞ்சினான் புகலிடம்’ என்ற சொல் வருகிறது. பயந்து வந்தவனுக்கு அடைக்கலம் தரும் இடம் என்று பொருள். சமணம் சொல்லும் நால்வகைத் தானங்களில் அபயதானமும் ஒன்று. சிலப்பதிகாரத்தில் சமணத் துறவி கவுந்தியடிகள், கண்ணகியை ஆயர்குல மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். அதற்கென்றே ‘அடைக்கலக் காதை’ என்று ஒரு காதை இருக்கிறது. அடைக்கலத்தைக் காக்க முடியாமல் போனதற்காக மாதரி பின்னால் தீப்புகுந்தாள். மாதரியைப் படித்த பிள்ளைக்கு ஹக் அந்நியன் ஆகமாட்டான். ஆங்கில ஆசிரியர் தமிழாசிரியரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் போதும், இந்த வாசல் திறந்துவிடும்.

இன்னொரு வாசல் நம் தீவின் வரலாற்றிலேயே இருக்கிறது. தூத்நாத் திவாரி 1857 கிளர்ச்சியில் தண்டிக்கப்பட்ட சிப்பாய். 1858 ஏப்ரலில் இங்கிருந்து தப்பிக் காட்டுக்குள் போனார். கூட வந்தவர்கள் ஆதிகுடிகளின் அம்புக்கு இரையானார்கள். காயம்பட்ட இவரை மட்டும் அவர்கள் பிழைக்கவிட்டுத் தங்களோடு வைத்துக்கொண்டார்கள். ஓராண்டுக்கு மேல் அங்கே வாழ்ந்தார். 1859 மே மாதம் அவர்கள் அபர்தீனைத் தாக்க வந்தபோது, முன்னால் ஓடிவந்து ஆங்கிலேயரிடம் செய்தி சொன்னவர் இவர்தான். வில்லோடு வந்தவர்கள் துப்பாக்கிக்கு முன் தோற்றார்கள். திவாரிக்கு 1860-இல் மன்னிப்பு கிடைத்தது.

ஹக் கிழித்த கடிதத்தைத் திவாரி கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் கரையில் இருந்தவர்களில் பலர் அவரைப் போன்ற கைதிகள். அவர்கள் உயிரும் உயிர்தானே? இதை வகுப்பில் விவாதிக்க விட வேண்டும். தினமும் போர் நினைவுத்தூணைக் கடந்து பள்ளிக்குப் போகிற பிள்ளைகளைவிட இந்த நாவலுக்குத் தகுந்த வாசகர்கள் யார்?

நாவலிலும் குறை உண்டு, அதையும் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. கடைசி அத்தியாயங்களில் டாம் சாயர் வந்து, ஜிம்மை விடுவிப்பதை ஒரு விளையாட்டாக்கி இழுத்தடிக்கிறான். சொந்தக்காரியின் உயில்படி ஜிம் ஏற்கெனவே விடுதலை ஆனவன் என்று பிறகு தெரிகிறது. முப்பத்தோராம் அத்தியாயத்தின் கனம் இங்கே கரைந்துபோகிறது. ‘பெரிய எழுத்தாளர் எழுதினால் எல்லாம் சரி’ என்று சொல்லிக்கொடுப்பது விமரிசனம் ஆகாது.

மற்றொரு சிக்கல், கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லும் வார்த்தை நூல் முழுக்க இருநூறு முறைக்கு மேல் வருகிறது. 2011-இல் அமெரிக்காவில் ஒரு பதிப்பு அதை எடுத்துவிட்டு ‘அடிமை’ என்று போட்டது. எனக்கு இது சம்மதமில்லை. வார்த்தையை அழித்தால் அதைச் சொன்ன ஊரின் குற்றமும் சேர்ந்து அழிந்துவிடும். ஆசிரியர் அதை வாய்விட்டு வாசிக்க வேண்டியதில்லை, ஏன் வாசிக்கவில்லை என்று விளக்கினால் போதும். கறுப்பான பிள்ளையை ‘ஜாரவா’ என்று கேலி செய்வதை நம் தெருக்களிலேயே கேட்டிருக்கிறேன். அந்த மக்கள் தங்களை ‘அங்’ என்று சொல்லிக்கொள்கிறவர்கள். ஜாரவா என்பது மற்றவர்கள் வைத்த பெயர். நாவலைப் படிக்கும் வகுப்பில் இந்தப் பேச்சும் வர வேண்டும். மிசிசிப்பிக்காரனைக் கண்டித்துவிட்டு நம் வாயைக் கவனிக்காமல் விட்டால் படித்து என்ன லாபம்?

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். இந்த நாவலில் ஐந்தாறு படிகள் வாங்கி, ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் பிள்ளைகளை ஓர் அத்தியாயம் வாசிக்க வைப்போம். சிலப்பதிகாரமும் பக்கத்தில் இருக்கட்டும். மதிப்பெண் வேண்டாம், கைடு வேண்டாம். கேள்வி ஒன்றே ஒன்று போதும்: அடைக்கலம் என்று வந்தவனைக் காட்டிக்கொடுப்பதுதான் தர்மம் என்று ஊரே சொன்னால் நீ என்ன செய்வாய்? பெற்றோரும் கூட உட்கார்ந்து யோசித்துப் பார்க்கலாம்.