பள்ளியில் மாத்திரை வழங்கும் முறை

ரத்தசோகையைப் போக்கும் பொருட்டு நம் பள்ளிகளில் பத்து வயதுக்கு மேற்பட்டோர்க்கு வாரம் ஒருமுறை வழங்கப்படும் நீல நிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. மதிய உணவு உண்டு முடித்த மாணவிக்கு ஆசிரியர் தம் கையாலேயே மாத்திரை ஒன்றை எடுத்தளித்து, தம் கண்ணெதிரே அவள் விழுங்கிய பிறகே பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்னும் விதியிலேயே இவ்வேற்பாட்டின் சிறப்பெல்லாம் அடங்கியிருக்கிறது என்பேன். வெறும் வயிற்றில் இரும்பு குமட்டலை உண்டாக்கும். யார் உண்ணாமல் வந்தவள், யார் ஜுரத்தோடு அமர்ந்திருக்கிறாள் என்பதை, தினந்தோறும் அம்முகங்களைப் பார்க்கும் ஆசிரியரைப்போல் எந்த வைத்தியரும் அறியார். 2015 முதல் பிப்ரவரி 10ஆம் தேதியை ஒட்டி நடைபெறும் குடற்புழு நீக்க நாளில், 400 மில்லிகிராம் அல்பெண்டசோலை மென்று விழுங்கச் செய்வதும், நோயுற்ற குழந்தைக்கு அன்று கொடாமல் நிறுத்திவைப்பதும் அந்தக் கண்காணிப்பை நம்பியவையே.

ஆயின் எண்ணிக்கையை மேலிடத்துக்கு அனுப்பும் அவசரத்தில், கண்ணெதிரே விழுங்கச் செய்ய வேண்டிய மாத்திரை அட்டையோடு குழந்தையின் கைக்குப் போய்விடுமானால், அதைவிடக் கொடிய அபாயம் வேறில்லை. 2023 மார்ச்சில் உதகையில் மாணவர் சிலர் இரும்பு மாத்திரைகளைப் போட்டி போட்டு விழுங்கியதில் ஒரு சிறுமி உயிரிழந்தாள். மிகுதியான இரும்பை வெளியேற்றும் வழி மனித உடலில் இல்லை. அது இரைப்பையின் உட்சுவரை அரித்து, பின்னர் கல்லீரலைத் தாக்குகிறது. இடையில் வாந்தி நின்று குழந்தை தெளிந்துவிட்டதுபோல் தோன்றும் சில மணி நேரம் உண்டு. அந்தத் தெளிவை நம்பி வீட்டுக்கு அனுப்பிவிடுவது பெரும்பிழை என்பதை ஒவ்வோர் ஆசிரியருக்கும் முன்கூட்டியே போதித்திருக்க வேண்டாமா? விபரீதம் நேர்ந்தபின் ஆசிரியரைத் தண்டிப்பதோடு அமைதியடைவது நியாயமன்று. பயிற்சியும் அவகாசமும் தராமல் பொறுப்பை மட்டும் சுமத்திய நிர்வாகத்துக்கும் அதில் பங்குண்டு.

இன்னொரு குறை, இம்முறை எல்லாக் குழந்தைகளையும் ஒன்றாகவே பாவிப்பது. தலசீமியா நோயால் அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் சிறுவனுக்கு ஏற்கெனவே இரும்பு மிகுதி. அவனுக்கு இம்மாத்திரை தீங்கே. ஆஸ்துமா உள்ளவனுக்கோ வேறு நியாயம்: இரும்பு மாத்திரையைப் பூட்டிவைப்பது எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் அவனுடைய இன்ஹேலரைப் பூட்டாமல் அவன் கைக்கெட்டும் இடத்தில் விடுவது. மதிய உணவுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டிய சிறுமி அதற்கென ஒதுக்குப்புறம் தேடி அலையும் நிலையும் இருத்தலாகாது. மருந்தின் பெயர், அளவு, வேளை ஆகியவற்றை வைத்தியர் எழுதிக் கையொப்பமிட்ட கடிதம் ஒன்றை ஆண்டுத் தொடக்கத்திலேயே பெற்றோரிடமிருந்து பெற்று, வகுப்பாசிரியரும் அவர் விடுப்பில் இருக்கும் நாளில் அவ்விடத்துக்கு வருபவரும் ஒருங்கே படித்தறியும்படி வருகைப் பதிவேட்டோடு வைத்திருக்கப் பெரும் பொருட்செலவு எதுவும் தேவையில்லை.